மதினி துடைத்த பந்து

ராஜபாளையத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவள் நான். சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை என் கண் மேய்ந்ததெல்லாம் அடுத்தவர் கையெழுத்தைத்தான். செக் வந்தால், கணக்கு தொடங்கும்போது அந்த ஆள் போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றபின் காலை நீட்டி டிவி பார்க்கலாம் என்று கனவு கண்டேன். விட்டார்களா? எங்கள் தெருக்காரர் ஒருவர் தன் மகனின் பிறந்தநாளுக்காக ஆன்லைனில் ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கினார். மட்டையில் பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் கையெழுத்து. "மேடம், நீங்க பேங்க்ல இருந்தவியதான, இது அசலான்னு பாத்துச் சொல்லுங்க" என்று வாசலில் வந்து நின்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மையே இல்லை. பொடிப் பொடிப் புள்ளியாக அச்சு. தினத்தந்திக்காரன் படம் போடுகிற மாதிரி மெஷின் போட்டது. சொன்னதும் அந்த மனிதர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகி, காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவர் போய் நான்கு பேரிடம் சொல்ல, கொஞ்ச நாளில் கிரிக்கெட் பந்து, ஜெர்சி, தொப்பி, கபடிக்காரர் கட்டியிருந்த முழங்கால் பட்டை வரைக்கும் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. "கையெழுத்து ஜோசியக்காரி வீடு இதுதான், உள்ள போங்க" என்று என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வழி காட்டுவார். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

வாட்ஸ்அப்பில் மங்கலாகப் படம் அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே "என்னாச்சு மேடம்" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஊசி போடறதுக்கும் டாக்டருக்குப் போட்டோதான் அனுப்புவீகளா?" என்று திருப்பிக் கேட்பேன். பொருள் கைக்கு வர வேண்டும். வந்ததும் நான் செய்கிற முதல் காரியம் அதைத் தலைகீழாகத் திருப்புவது. நேராக வைத்துப் பார்த்தால் நமக்குப் பெயர் தெரிகிறது. பெயர் தெரிந்ததும் புத்தி மயங்கிவிடுகிறது. தலைகீழாக்கினால் பெயர் போய்விடும், வெறும் கோடுதான் இருக்கும். தினம் கையெழுத்துப் போடுகிறவன் யோசிக்காமல் போடுவான், கோடு வழுக்கிக்கொண்டு ஓடும். பார்த்துப் போடுகிறவன் படம் வரைகிறான். நடுவில் நின்று நின்று பார்ப்பான். அவன் நின்ற இடத்திலெல்லாம் மை தேங்கிக் குண்டாக இருக்கும். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். பேனா அழுத்திய தடம் அப்போதுதான் தெரியும்.

போலி என்ற சொல்லை மட்டும் நான் சொல்வதில்லை. வங்கியிலும் நாங்கள் யாரையும் திருடன் என்றதில்லை. கையெழுத்து வேறுபடுகிறது என்று எழுதி செக்கைத் திருப்பி அனுப்புவோம், அவ்வளவுதான். ஜெர்சிக்காரர்களிடமும் அதையே சொல்லுவேன். புரிகிறவர்களுக்குப் புரியும். புரியாதவர்கள் அந்த ஜெர்சியைச் சந்தோஷமாகச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். எனக்கென்ன நஷ்டம்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த என் ஜோசியத் தொழிலில்தான் என் அண்ணனின் பந்து வந்து விழுந்தது.

அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான். இளவயதில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் அவனுக்கு வேலை. நூல் நூற்கத் தெரியும் என்று அவனை யாரும் எடுக்கவில்லை, வாலிபால் ஆடுவான் என்று எடுத்தார்கள். அப்போது மில்லுக்கு மில் அணி உண்டு. ஆட்டக்காரர்களுக்குப் பகல் ஷிப்டு கொடுத்து, சாயங்காலம் பயிற்சிக்கு விட்டுவிடுவார்கள். அண்ணன் இடது கைக்காரன். மற்றவர்கள் அடிக்கத் திணறுகிற வலது ஓரத்தில் இவன் எழும்பி இடது கையால் ஒரு போடு போட்டால், எதிரில் நிற்பவனுக்குக் கை தூக்கக்கூட நேரம் இருக்காது. சோறு சாப்பிட மட்டும் வலது கை. அதுவும் அப்பா அடித்துப் பழக்கியது.

ஒரு வருடம் நம் நாட்டுக்கே ஆடிய பெரிய ஆட்டக்காரர் ஒருவர் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்தார். அண்ணனின் அணி ஜெயித்தது. அந்தப் பெரியவர் எல்லோருக்கும் கை கொடுத்தார். ஆடிய பந்தை மில்காரர்கள் அண்ணனுக்கே கொடுத்தார்கள். அந்தப் பந்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்பது எங்கள் குடும்ப வரலாறு. அடுத்த வாரமே அண்ணனுக்குக் கல்யாணம்.

மதினிக்குப் பிறந்த ஊர் தேவதானம். நெல்லும் தென்னையும் பார்த்து வளர்ந்தவள். வாலிபால் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு மறுநாள் அண்ணன் அந்தப் பந்தை எடுத்து அவள் மடியில் வைத்தானாம். "யாரு கையெழுத்து தெரியுமா?" என்று ஆரம்பித்து, ஆட்டம் முழுவதையும் அறைக்குள்ளேயே குதித்துக் குதித்து ஆடிக் காட்டினானாம். மதினி இதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் குதிப்பைச் சொல்லும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கட்டிக்கொண்டவன் எப்படிப்பட்ட ஆள் என்று அவளுக்குத் தெரியவந்தது அந்தப் பந்து வழியாகத்தான்.

போன வருடம், பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற கிளப்பில் ஒரு கண்ணாடி அலமாரி செய்தார்கள். ஊர் ஆடிய காலத்துக் கோப்பைகள், படங்கள், சீருடைகள் எல்லாவற்றையும் அதில் வைக்கப் போகிறார்கள். கிளப் செயலாளர் மதினிக்குப் போன் செய்து பந்தைக் கேட்க, அவள் பெருமை தாங்காமல் சரி என்றுவிட்டாள். உடனே எனக்கும் போன் வந்தது. "நாளைக்கு ஒருத்தன் வந்து குத்தம் சொல்லிரக் கூடாது மேடம். அலமாரிக்குப் போற எல்லாத்தையும் நீங்க ஒருதரம் பாத்துச் சொல்லிட்டா எங்களுக்குத் தைரியமா இருக்கும்" என்றார் செயலாளர். சொந்த அண்ணன் பந்தையா பார்க்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாரையும் போலத்தானே மேடம் என்றார். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணனிடம் சொன்னபோது அவன் குரல் இறங்கியது.

"அதெல்லாம் எதுக்குட்டி? பழைய பந்து. காத்துகூட நிக்கல. வீட்லயே கெடக்கட்டும்."

பந்தைப் பிரிய மனமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வயதுக்குப் பிறகு பந்துக்கு அழுகிறானே என்று பாவமாகவும் இருந்தது. மறுநாள் காலையில் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டேன்.

நான் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் சட்டையை மாட்டினான். "செத்த நேரத்துல வாரேன், உனக்குப் பால்கோவா வாங்கிட்டு வாரேன்" என்றான். எனக்குச் சர்க்கரை என்று அவனுக்குத் தெரியும். "எனக்கு எதுக்குண்ணே?" என்று கேட்பதற்குள் செருப்புச் சத்தம் தெரு முனைக்குப் போய்விட்டது.

மதினி பந்தை எடுத்து வந்து கொடுத்தாள். தோல் பந்து, வெள்ளை மஞ்சளாகப் போயிருந்தது. ஓரமெல்லாம் வெடிப்பு. கையெழுத்து மட்டும் கருகருவென்று நேற்றுப் போட்டது போல இருந்தது. பந்தைத் தலைகீழாகத் திருப்பினேன். கோடு ஓடவில்லை, ஊர்ந்தது. வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கியிருந்தது. லென்ஸில் பார்த்தால் ஒரு மை இல்லை. அடியில் நீலம், அதன் மேல் ஊதா, அதற்கும் மேல் மார்க்கர் பேனாவின் கறுப்பு. வேறு யாராவது இதைக் கொண்டு வந்திருந்தால் இந்நேரம் காப்பி போட எழுந்திருப்பேன்.

நிமிர்ந்தேன். மதினி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"தெரிஞ்சு போச்சா தாயி?" என்றாள்.

"என்ன மதினி?"

"நாந்தான். நாந்தான் அதுமேல எழுதுனேன்."

என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடந்தது இதுதான். கல்யாணமான வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் மில்லில் மெஷினுக்கெல்லாம் பூஜை தடபுடலாக நடக்கும், ஆண்கள் அங்கே போய்விடுவார்கள். வீட்டுப் பூஜை பெண்கள் பாடு. அரிவாள்மனை, தையல் மெஷின், சைக்கிள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். என் புருஷன் பிழைப்புக்கு ஆயுதம் இந்தப் பந்துதானே என்று மதினி பந்துக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருக்கிறாள். கையெழுத்துக்கு இரண்டு பக்கமும் குங்குமம். மறுநாள் காய்ந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்திருக்கிறாள். பேண்டேஜ் கம்பெனிகளில் கழிக்கிற மெல்லிய துணிதான் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் துடைக்கிற துணி. அந்தத் துணியோடு பாதிக் கையெழுத்து நீலமாக வந்துவிட்டது.

"ஐயோ தாயி, எனக்கு உசிரே போயிருச்சு. அவிய வேலைக்குப் போயிருந்தாவ. நல்லவேள. உத்துப் பாத்தா நிப்பு கீறுன தடம் அப்படியே இருந்துச்சு. பக்கத்து வீட்டுல பேனா வாங்கியாந்து அந்தத் தடத்துலயே போட்டேன். சாமி, சாமின்னு சொல்லிக்கிட்டே போட்டேன். அடுத்த வருசம் பூசை வைக்காம இருக்க முடியுமா? வச்சேன். திரும்பவும் போச்சு. திரும்பவும் போட்டேன்."

"வருசா வருசமா?"

"வருசா வருசம்." அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "நாலு பேருக்கு முன்னால வைக்கணும்னு கேட்டதும் பெருமையில சரின்னுட்டேன். நீ வந்து பாப்பேன்னு சொன்ன பொறவுதான் எனக்கு உறைச்சுச்சு. அம்புட்டுப் பெரிய மனுசன் போட்டது. அவிய உசிரையே அதுல வச்சிருக்காவ. அசல அழிச்சிட்டனா தாயி? சொல்லு. அழிச்சிட்டனா?"

மதினியை அப்படி நான் பார்த்ததே இல்லை. மாமியாரிடம் ஏச்சு வாங்கியபோதுகூட அழாதவள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "மை போனா என்ன மதினி? தடம் இருக்குல்ல. பேனா கீறுன தடம் எங்க போகும்? அதப் பாத்தாலே அசல்னு சொல்லிரலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, செல்போன் விளக்கைப் பந்துக்குப் பக்கவாட்டில் பிடித்தேன். அவளைத் தேற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு.

கறுப்பு மைக்கு அடியில் தடம் அருமையாகத் தெரிந்தது. கையெழுத்துக்குக் கீழே ஒரு நீளக் கோடு இழுத்திருந்தது. மதினியின் மார்க்கர் அதை இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் இழுத்து முடித்திருந்தது. அடியில் இருந்த நிப்புத் தடமோ வலப்பக்கம் ஆழமாகக் குத்தித் தொடங்கி, இடப்பக்கம் போகப் போக மெலிந்து, கடைசியில் கொக்கி போலக் கீழே வளைந்து முடிந்தது. இடது கைக்காரன்தான் அப்படி இழுப்பான். அந்தப் பெரிய ஆட்டக்காரர் வலது கையைத் தூக்கி அடிக்கிற படம் அந்தக் காலத்தில் வராத பத்திரிகை இல்லை. கையெழுத்தும் அதே கையால்தான் போடுவார் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் அந்தக் கொக்கி எனக்குத் தெரியும். அண்ணனின் சம்பளக் கணக்கு எங்கள் கிளையில்தான் இருந்தது. அவன் பணம் எடுக்க எழுதிக் கொடுத்த சீட்டில் எல்லாம் பெயருக்கு அடியில் அந்தக் கொக்கியைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்தே போயிருந்தது.

செல்போன் விளக்கை அணைத்தேன். அண்ணன் பேரில் வந்த கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊரெல்லாம் போலியைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறேன், என் வீட்டிலேயே ஒருவன் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறான். மதினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எதையும் அழிக்கவில்லை, அது அசலே இல்லை என்று சொன்னால் அவள் பயம் தீரும். ஆனால் அவள் புருஷன் முதல் நாளே அவளிடம் பொய் சொன்னான் என்று ஆகிவிடும். அசல்தான் என்று சொன்னால் பொய் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதன் மேல் எழுதியது தானே என்ற பயத்தோடு மதினி அதைப் போகும்போதும் வரும்போதும் பார்க்க வேண்டும்.

"செத்த இருங்க மதினி, வாரேன்" என்று எழுந்து வாசலுக்கு வந்தேன்.

அண்ணன் கையில் பொட்டலத்தோடு எதிர்ச் சாரியில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரப் பயம். தலை முழுக்க நரைத்த ஆள், பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த பையன் மாதிரி நின்றான். திட்டலாம் என்று போன எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணே, கோட்ட வலத்துல இருந்து இழுத்திருக்கியே" என்றேன்.

அவன் மரத்தில் சாய்ந்துகொண்டான். "எனக்குத் தெரியும்ட்டி. உன் கண்ணுல இருந்து தப்பாதுன்னு தெரியும்."

"ஏண்ணே செஞ்ச?"

"வரிசையில நின்னேன்ட்டி. எனக்கு முன்னால இருந்தவன் துண்டுல வாங்கிட்டான். என் முறை வரதுக்குள்ள கார் வந்துருச்சுன்னு கூட்டிட்டுப் போயிட்டாவ. அடுத்த வாரம் கல்யாணம். தென்னந்தோப்பு இருக்கிற வீட்டுப் பொண்ணு. என்கிட்ட காட்டறதுக்கு என்ன இருந்துச்சு சொல்லு? அவன் துண்டப் பாத்து நானே போட்டேன். அவகிட்ட ஒருநாள் காட்டிட்டு அழிச்சிரலாம்னுதான் நெனச்சேன். அவ அதக் கண்ணுல ஒத்திக்கிட்டா. பொறவு எப்படி அழிக்க?"

"சரி, இத்தன வருசமா அது மங்காம இருக்கே, ஏன்னு யோசிச்சியா?"

அண்ணன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அதத்தான்ட்டி யாருகிட்டயும் சொல்ல முடியல. வருசத்துக்கு வருசம் கறுத்துக்கிட்டே போகுது. பூசை முடிஞ்சு பாத்தா புதுசா இருக்கும். பொய்யாப் போட்டதுக்கு ஏதோ தெய்வக் குத்தம்னு நெனச்சேன். ரெண்டு தடவ அய்யனார் கோவிலுக்குப் போயிக் கும்பிட்டுக்கூட வந்தேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒரே பந்தை வைத்துக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் இத்தனை வருடம் பயந்திருக்கிறார்கள். மதினி செய்ததைச் சொன்னேன். ஈரத் துணி, பக்கத்து வீட்டுப் பேனா, சாமி சாமி என்று எழுதியது எல்லாம் சொன்னேன். அசலை அழித்துவிட்டேன் என்று உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள் என்றும் சொன்னேன்.

அண்ணனின் முகம் மாறியது. "அவ அழுதாளா?"

"இப்பவும் அழுதுக்கிட்டுதான் இருக்காவ. நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு வேகமாக உள்ளே போனான். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. நான் பின்னால் போய் வாசற்படியிலேயே நின்றேன்.

"இந்தா பாரு" என்றான் மதினியிடம். "அது அவரு போட்டது இல்ல. நாந்தான் போட்டேன். உன்கிட்ட காட்டறதுக்காகப் போட்டேன். நீ ஒண்ணையும் அழிக்கல, பயப்படாத."

மதினி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"அவரு கை குடுத்தது?"

"அது நெசம்."

"ஆட்டத்துல ஜெயிச்சது?"

"அதும் நெசம். இது ஒண்ணுதான்."

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தோளில் கிடந்த துடைக்கிற துணியை எடுத்து அண்ணனின் கையில் பளாரென்று ஒரு அடி அடித்தாள். "எம்புட்டு பயந்தேன் தெரியுமா உங்களால? ஒவ்வொரு பூசைக்கும் எனக்குச் சோறு எறங்காது" என்று இன்னும் இரண்டு அடி வைத்தாள். அண்ணன் வாங்கிக்கொண்டு நின்றான்.

பிறகு அவள் தரையில் இருந்த பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கறுப்பு மையின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவினாள்.

"அப்ப இத்தன வருசமும் நான் எழுதுனது உங்க கை போன வழியிலயா?"

அண்ணன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டாள்.

"தாயி, கிளப்புல சொல்லிரு, பந்து தர முடியாதுன்னு. எங்க வீட்டுக்காரரு கையெழுத்த நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."